ஆரஞ்சு பூட்ஸும் களித் துடுப்பும்

ப்ரா மெஸானோ,
சூசையப்பர் திருநாள் முடிந்த வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்கும் கொஞ்சம் கோபத்திற்கும் உரிய மாப்பிள்ளை லொரிஸ் அவர்களுக்கு,

மாமனார் கௌதென்ஸியோ ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மான்டெபெல்லூனாவில் நீங்களும் மகள் நிவெஸும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்றால் இதற்குள் நிவெஸ் அழைத்து அழுதிருப்பாள். இங்கே கோழிகள் சுகம். கூரைப் பனி உருகத் தொடங்கிவிட்டது. உங்கள் அத்தை எர்சிலியாவும் சுகம். அளவுக்கு மீறியே சுகம், இந்தக் கடிதமே அதைப் பற்றிய புகார்தான். என் வலது முழங்காலும் இடுப்பும் மட்டும் சுகத்தில் சேர்த்தியில்லை. அது ஏன் என்பது போகப்போகத் தெரியும். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாமே என்பீர்கள். தொலைபேசி சமையலறையில் இருக்கிறது, உங்கள் அத்தையும் சமையலறையில் இருக்கிறாள். ஆகவே கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஒரு பெட்டி அனுப்பினீர்கள். அதில் உங்கள் அத்தைக்கு, நீங்களே வரைந்து உங்கள் தொழிற்சாலையில் செய்த புது மாடல் பூட்ஸ், அதாவது பனிச்சறுக்குப் பலகையோடு மலை ஏறி இறங்குகிற பூட்ஸ். எனக்கு ஒரு கழுத்துத் துண்டு. மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். மாமியார் மெச்சும் மருமகன் உண்டு என்பதை நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இலையுதிர் காலத்திலேயே நீங்கள் என்னையும் கேட்டீர்கள். "மாமா, உங்க கால் அளவு சொல்லுங்க" என்று கேட்டதற்கு, "என் கால் அளவு என் பூட்ஸுக்குத் தெரியும், மூணாவது ஆளுக்குத் தேவையில்லை" என்று நான்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து மலை ஏறுகிறார்கள் என்று தெரிந்தும், ஒருவருக்கு மட்டும் சிறகு கொடுப்பது எந்த ஊர் தர்மம்? நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து சூசையப்பர் திருநாளுக்குச் சேர்ந்தே கணவாய்க்கு ஏறுகிறவர்கள். அடுத்த வருடம் "நீ தனியா வா" என்று என்னிடம் சொல்லிவிட்டாள் மாப்பிள்ளை. இந்த வயதில் என்னைத் தனியாக வரச் சொல்கிறாள். இதற்கு உங்கள் பூட்ஸ்தான் காரணம், நீங்கள்தான் பரிகாரம் செய்ய வேண்டும்.

முதலில் இரண்டு பூட்ஸையும் தராசில் வைத்துப் பேசுவோம். தராசில் என்றால் நிஜமாகவே தராசில். பெட்டி வந்த அன்றே உங்கள் அத்தை சமையலறைத் தராசில் தன் புது பூட்ஸை வைத்தாள். ஏதோ முட்டைக்கோஸ் வைத்த மாதிரி முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. பிறகு என் பூட்ஸை வைத்தாள். முள் கடைசிவரை ஓடிப் போய் முட்டிக்கொண்டது, இன்றுவரை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மாவை நான் கண்ணளவில்தான் எடுக்கிறேன். ஆனால் கனம் என்பது குற்றமா? நிவெஸ் சிறுமியாகக் கோயிலில் புது நன்மை வாங்கிய வருடம் சோந்திரியோ நகரத்தில் வாங்கியது என் பூட்ஸ். கனத்த பிளாஸ்டிக், நான்கு இரும்புக் கொக்கி, உள்ளே கம்பளி உறை. போட்டுக்கொண்டு ஓடையில் நிற்கலாம். உறைந்துபோன தொழுவக் கதவை ஒரே உதையில் திறக்கலாம். பஸ் டிரைவராக இருந்த காலத்தில் ஒரு பனி நாளில் நேரமாகிவிட்டதென்று அதைப் போட்டுக்கொண்டே நான் பஸ் ஓட்டியிருக்கிறேன். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே காலால் அழுத்திக்கொண்டு சோந்திரியோ வரை போனோம், பயணிகள் அன்றைக்கு மனமுருகி ஜெபம் செய்தார்கள். உங்கள் பூட்ஸைக் கையில் எடுத்தால், உள்ளே வைக்க வேண்டியதை வைக்க மறந்துவிட்டார்களோ என்றுதான் தோன்றுகிறது. நிறமோ ஆரஞ்சு. மலையில் மான்கள் இருக்கின்றன, அவை என்ன நினைக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

அதிலும் அந்தக் கணுக்கால்! என் பூட்ஸில் கணுக்கால் அசையாது, அசைய வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் அத்தை புது பூட்ஸைப் போட்ட கையோடு படியிறங்கி நிலவறைக்குப் போய் விறகு எடுத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வந்தாள். நான் என் பூட்ஸோடு படி இறங்குவதென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவேன். அதுதான் மரியாதையான இறக்கம். அப்புறம் பூட்டித் திறக்க அந்த ஒரே ஒரு நெம்புகோல். குதிகாலுக்குப் பின்னால் தூக்கினால் கால் நடக்க விடுதலை. கீழே தட்டினால் இறுகிப் பூட்டிக்கொண்டு சறுக்கத் தயார். ஒரு தட்டு, தீர்ந்தது வேலை. நான் அன்றைக்கே உங்கள் அத்தையிடம் எச்சரித்தேன்: "ஒரே ஒரு நெம்பை நம்பி மலைமேல போறதா? அதை மறந்துட்டா என்ன ஆகும்? என்னோடதுல நாலு கொக்கி, அதுக்கு மேல ஒரு நெம்பு. அஞ்சையும் ஒரு மனுஷன் மறப்பானா?" இந்த வாசகத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கீழே அது என்னையே கடிக்கப்போகிறது.

உள்ளுறையைச் சுடவைத்துக் காலில் மாட்டி, ஆறும் வரை நின்றால் காலின் வடிவம் அப்படியே வந்துவிடும் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள். கடையில் செய்வார்கள் என்றும் சொன்னீர்களாம். அந்தப் பாதி எங்கள் வீட்டை வந்து சேரவில்லை. உங்கள் அத்தை அதை எங்கள் அடுப்பிலேயே வைத்தாள். ஞாயிறு மதியம் அதே அடுப்பில் முயல் வெந்திருந்தது, ரோஸ்மேரியும் பூண்டும் போட்டு. உள்ளுறை வெந்து வந்தபோது வீடே மணத்தது, எனக்குப் பசித்தே விட்டது. சூடாக மாட்டிக்கொண்டு சமையலறை நடுவில் சிலை மாதிரி நின்றாள், அசையக்கூடாதாம். அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். அவர் அவளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எர்சிலியா எத்தனை நாளா இப்படி இருக்கா?" என்று கேட்டார். என் பூட்ஸுக்கு அடுப்பு தேவைப்படவில்லை மாப்பிள்ளை. முதல் மூன்று குளிர்காலம் என் கால் அழுதது, நாலாவது குளிர்காலத்தில் பூட்ஸ் விட்டுக்கொடுத்தது. கல்யாணமும் அப்படித்தான், புதிதாக ஆனவர் நீங்கள், கேட்டு வையுங்கள்.

இப்போது சூசையப்பர் திருநாளுக்கு வருவோம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், போன வருடம் காய்ச்சல் என்று தப்பித்தவர்தானே நீங்கள். எல்லைக்கு எங்கள் பக்கத்திலிருந்து நாங்களும் அந்தப் பக்கத்திலிருந்து சுவிஸ்காரர்களும், ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பலகைகளுக்கு அடியில் ஏறுபட்டை ஒட்டிக்கொண்டு கணவாய்க்கு ஏறுவோம். மேலே அபோந்தியோவின் குடிசையில் எல்லோருக்கும் பொலென்டா, அதாவது சோளக்களி. யார் கடைசியாக வந்து சேருகிறாரோ அவர் கையில் துடுப்பு. அத்தனை பேருக்கும் அவர்தான் கிண்ட வேண்டும். இதில் மேல்முறையீடு கிடையாது. எத்தனையோ வருடமாகக் கடைசியாக வந்து சேர்வது உங்கள் அத்தைதான். நான் முன்னால் பாதை போட்டுக்கொண்டு போவேன், அவள் பின்னால் வருவாள். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. பஸ்ஸிலாவது கண்ணாடி உண்டு, மலையில் ஏது? அதனால் வழியில் என் கையுறை, தொப்பி, ஒரு வருடம் பாதிப் பாலாடைக்கட்டி என்று எது விழுந்தாலும் எனக்குத் தெரியாது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்து மேலே என் முன்னால் கொட்டி, "இந்தா உன் கடை" என்பாள். பிறகு துடுப்பை வாங்கிக்கொள்வாள். நான் சுவரோரப் பெஞ்சில் வெயிலில் காலை நீட்டி, ஒயின் குவளையோடு, "கட்டி தட்டாம கிண்டு, எர்சிலியா!" என்று குரல் கொடுப்பேன். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

இந்த வருடம் லார்ச் மரக் காடு முடிவதற்குள்ளேயே அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள். வேண்டுமென்று வரவில்லை, அந்த பூட்ஸ் அவளை இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்ச தூரம் நின்று நின்று பார்த்தாள்.

"தென்ஸியோ, நான் கொஞ்சம் முன்னால போயிட்டு இருக்கட்டுமா? நின்னா கால் ஜில்லுனு ஆயிடுது."

"பாத்தியா! என் பூட்ஸ்ல கால் எப்பவும் கதகதன்னு இருக்கும். போ, போ. அந்த வளைவுல பிடிச்சிடறேன்."

"எந்த வளைவுல?"

"ஏதாவது ஒரு வளைவுல."

போய்விட்டாள். ஆரஞ்சுப் புள்ளி ஒன்று மேலே மேலே போனது, பிறகு அதுவும் இல்லை. நான் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஏறினேன். ஆள் பேச்சு இல்லாமல் அந்தச் சரிவில் நான் ஏறியதே கிடையாது. அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே முனிசிபாலிட்டியைத் திட்டுவாள், நான் முன்னால் ஆமாம் போடுவேன், ஏற்றம் தெரியாது. இந்த வருடம் ஏற்றம் நன்றாகத் தெரிந்தது. பாதி வழியில் பாதை நடுவே ஒரு சிவப்புக் கையுறை கிடந்தது. உங்கள் அத்தையுடையது, அவளே பின்னியது. "ஓஹோ, வேகமா போறவங்க லட்சணம் இதுதானா, மேல போய் எல்லார் முன்னாலயும் காட்டறேன்" என்று பையில் போட்டுக்கொண்டேன். பிறகு நடந்த களேபரத்தில் மறந்தே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது என் தொப்பியைக் காணோம், ஒரு கையுறையைக் காணோம், பேனாக்கத்தியைக் காணோம். பின்னால் பொறுக்க ஆள் இல்லையே! சுவிஸ்காரர்கள் எல்லோரும் வந்து, காலுறையைக் காயப்போட்டு, இரண்டாம் சுற்று ஒயினில் இருந்தார்கள். அபோந்தியோ துடுப்போடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வாய்யா டிரைவரு! உனக்காகத்தான் தண்ணி கொதிச்சு கொதிச்சு வத்திப்போச்சு. கடைசி பஸ் நீதானா, இல்ல பின்னால இன்னும் ஏதாவது வருதா?"

பெஞ்சில், என் இடத்தில், வெயிலில், ஆரஞ்சுக் கால்களை நீட்டிக்கொண்டு உங்கள் அத்தை. அபோந்தியோவின் நாய் அந்த பூட்ஸை விட்டு நகரவே இல்லை, முயல் வாசம். முன்னெல்லாம் நான் வந்தால் வாலாட்டுகிற நாய். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொப்பரைக்கு முன்னால் நின்றதும் அவள் குவளையைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்: "கட்டி தட்டாம கிண்டு, தென்ஸியோ!" குடிசையே சிரித்தது. களி கிண்டுவது மிகக் கடினமான வேலை மாப்பிள்ளை. இத்தனை வருடத்தில் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை. களி கெட்டியாகக் கெட்டியாகத் துடுப்பு திரும்ப மறுக்கிறது, பழைய பஸ் ஸ்டியரிங் இதற்குத் தேவலாம். கிண்டி முடித்தபோது இரண்டு கையும் என்னுடையவையாக இல்லை. கட்டியும் தட்டியிருந்தது. அதைச் சுவிஸ்காரர்கள் எடுத்து எடுத்து எல்லோருக்கும் காட்டினார்கள்.

போன மானத்தை இறக்கத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏற்றத்தில் புது பூட்ஸ் ஓடலாம். இறக்கத்தில் என் பூட்ஸ்தான் ராஜா, அதை யாரும் மறுக்க முடியாது. எல்லோரும் பார்க்கும்படி கணவாய் விளிம்பில் நின்றேன். ஏறுபட்டையைக் கழற்றி மடித்தேன். சுவிஸ்காரர்களைப் பார்த்துக் குச்சியால் ஒரு சலாம் வைத்தேன். பாய்ந்தேன். முதல் திருப்பத்தில் கால் கொழகொழவென்று ஆடியது. இரண்டாம் திருப்பத்தில் உடம்பு பின்னால் சாய, முழங்கால் முன்னால் போக, 'படார்' என்று ஒரு சத்தம், பிறகு வானம், பிறகு பனி, பிறகு நாயின் மூக்கு. ஏறும்போது தளர்த்திவிட்ட நான்கு கொக்கியும் திறந்தபடியே கிடந்தன. நெம்பு மேலே தூக்கியபடியே இருந்தது. அந்த ஐந்தையும் ஒரு மனிதன் மறந்திருந்தான். அதோடு இடது பூட்ஸின் பின்பக்கம் பாதி, உடைந்த ஓடு மாதிரி பிரிந்து சரிவில் போனது. நாய் ஓடிப் போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து உங்கள் அத்தையின் காலடியில் வைத்தது. எனக்குக்கூடக் கொடுக்கவில்லை.

அபோந்தியோ உடைந்த துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "அடேயப்பா, நான் பொறந்தப்போ வாங்கினதா இது? இப்ப பூட்ஸுக்கு வயசாச்சா, இல்ல பூட்டாம இறங்கின உனக்கு வயசாச்சா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு, ஊருக்குப் பதில் சொல்லணும்ல?"

"பிளாஸ்டிக்குக்கும் வயசாகும் மாமா, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஒருநாள் குளிர்ல பிஸ்கட் மாதிரி உடையும்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பூட்ஸ் கிழடு என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். நான் கிழவன் என்று ஒப்புக்கொண்டால் உங்கள் அத்தை ஜெயித்தாள். "பனி சரியில்லை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள், முதலில் உங்கள் அத்தையும்தான் சிரித்தாள். என் முழங்காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் மண்டியிட்டு என் ஏறுபட்டையை, அதுதான் ஒரு பக்கம் பசை உள்ளதாயிற்றே, உடைந்த பூட்ஸைச் சுற்றி ஒட்டி, மேலே நீங்கள் எனக்கு அனுப்பிய கழுத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். நல்ல துண்டு, பொய் சொல்லக்கூடாது. மற்றவர்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவளும் அந்த ஆரஞ்சில் பறந்து போயிருக்கலாம்.

"நீ முன்னால போ, தென்ஸியோ. நான் பின்னால வர்றேன்."

"ஏன், பாத்துச் சிரிக்கவா?"

"விழுந்தா பொறுக்க."

அப்படியே ஊர் வரை வந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் அவள் பலகைச் சத்தம் கேட்டது. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து முழங்காலில் கிராப்பா சாராயம் தேய்க்கும்போதுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னாள். "அடுத்த வருஷமும் இந்த ஓட்டைச் சட்டியைப் போட்டுக்கிட்டு வர்றதா இருந்தா நீ தனியா வா. மேல உக்காந்துக்கிட்டு, தலை தெரியுதா, தலை தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருக்க என்னால ஆகாது. ஒயின் இறங்கல எனக்கு."

ஆகவே நான் மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வசந்தத்தில் எல்லா பூட்ஸையும் தொழிற்சாலையில் ஒருமுறை பார்ப்பார்கள் என்று அவளிடம் சொல்லி அந்த ஆரஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஈயம் வைத்துத் திருப்பி அனுப்புங்கள். ஒரு காலுக்கு அரைக் கிலோ போதும், நான் பேராசைக்காரன் இல்லை. கணுக்காலையும் லேசாக இறுக்கிவிட்டால் நல்லது. என் பூட்ஸை நானே பழைய பஸ்ஸின் தகரம் வைத்துத் திருகு போட்டுச் சரிசெய்துகொள்கிறேன். அடுத்த சூசையப்பர் திருநாளுக்குப் பழையபடி நான் முன்னால், அவள் பின்னால், துடுப்பு அவள் கையில், குடும்பம் ஒன்றாக. வேகமான பூட்ஸ் செய்ய யாராலும் முடியும். மெதுவான பூட்ஸ் செய்து காட்டுங்கள், அப்போது ஒப்புக்கொள்கிறேன் உங்கள் படிப்பை.

உங்கள் அடுப்பில் விறகும், உங்கள் அலமாரியில் காய்ந்த காலுறையும் என்றும் குறையாதிருக்கட்டும். நிவெஸுக்கு என் முத்தங்கள். அவளிடம் அப்பா விழவில்லை, உட்கார்ந்தார் என்று சொல்லவும். சூசையப்பர் உங்கள் இருவரையும் ஒரே வேகத்தில் நடத்துவாராக.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்,
கௌதென்ஸியோ

பி.கு.: முட்டை எடுக்க வந்த உங்கள் அத்தை, என் தோளுக்குப் பின்னால் நின்று எவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. ஈயம் வரைக்கும் படித்திருக்கிறாள். திட்டவில்லை. பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "எந்திரி. பூட்ஸைக் கழட்டு. இந்தக் காகிதத்து மேல நில்லு, அசையாத," என்றாள். இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருப்பது என் இடது கால். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பது கோழி இறகு, ஆறாவது விரல் என்று எண்ணி அளவெடுக்க வேண்டாம். வலது கால் கொஞ்சம் பெரிது என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஆரஞ்சு மட்டும் வேண்டாம்.

இப்போது அவள் உள்ளே போய்விட்டாள், ஆகவே சீக்கிரம் சொல்கிறேன். ஈயம் அவள் பூட்ஸில் வேண்டாம். அந்தச் சிவப்புக் கையுறை இன்னும் என் பையிலேயே இருக்கிறது. அது விழுந்ததே அவளுக்குத் தெரியாது, நேற்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். முன்னால் போகிறவர்களுக்கு அப்படித்தான், எது விழுந்தாலும் தெரியாது. பொறுக்க ஒரு ஆள் பின்னால் வர வேண்டும். அதனால் எனக்குச் செய்கிற பூட்ஸை அவளுடையதைவிட ஒரு பிடி கனமாகச் செய்யுங்கள். ஒரு பிடிதான், அவள் முதுகு கண்ணுக்குத் தெரிய வேண்டும், முனிசிபாலிட்டியைத் திட்டுவது காதில் விழ வேண்டும். களித் துடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.